கார் ஏன் துள்ளுகிறது?

சமையலறை மேசையில் பழைய நாளிதழை விரித்து, அதன்மேல் நான்கு ஷாக் அப்சார்பர்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் என் ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். நான்கில் மூன்று கசிந்துகொண்டிருந்தன. நாளிதழில் ஒரு நகைக்கடை விளம்பரப் பெண்ணின் சிரிப்பின்மேல் எண்ணெய் பரவி, பின்பக்கத்து வானிலைச் செய்தி இடவலம் மாறித் தெரிய ஆரம்பித்திருந்தது.

சனிக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீடு பன்னிரண்டாவது மாடி. கீழே எல்ஆர்டி ரயில் வளைவில் திரும்பும் ஓசை கேட்டது. என் விரல்களெல்லாம் வழுவழுவென்றிருந்ததால் கைப்பேசித் திரை என் தொடுதலை மதிக்கவில்லை. திரையில் ஒரு வெள்ளைக்காரர், "எண்ணெய் கெட்டியாக இருந்தால் கார் துள்ளும்" என்று சொல்லி முடித்திருந்தார். அதற்கு முந்தைய வீடியோவில் வேறொருவர், "எண்ணெய் நீர்த்துப்போனால் கார் துள்ளும்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

என் கார் துள்ளிக்கொண்டிருந்தது. எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தாள். மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். திரும்பி அறைக்குள் போய்விட்டாள்.

அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்காவின் அனுமதி

இந்தத் தொடரில் நான் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்க்கும் நீதிமன்றத்துக் கதைகளை எழுதியிருக்கிறேன். என் மனைவி ரேவதியின் சமையலைப் பற்றி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அக்காவைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. எழுதலாமா என்று போன வாரம் கேட்டேன்.

"எழுது. ஆனா என் பேரை மாத்தாத. மாத்தினா யாரோ ஒருத்தி கதை மாதிரி ஆயிடும்" என்றாள்.

ஆகவே பெயரோடு எழுதுகிறேன். அக்காவின் பெயர் வசந்தி. என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவள் கணவர், அதாவது இந்தக் கதை நடக்கும்போது கணவராக இருந்தவர், ஞானசேகரன். லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனமொன்றில் சூப்பர்வைசர். எனக்கு அத்தான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சிராங்கூனில் நான்கறை வீடு.

ரிமோட் கார்ப் பந்தயத்துக்கு என்னை இழுத்துவிட்டவர் அத்தான்தான். குழந்தைகள் கூடத்தில் ஓட்டும் பொம்மைக் கார் என்று நினைத்துவிட வேண்டாம். நான் சொல்வது மண் டிராக்கில் மேடு பள்ளங்களைத் தாவிப் பறக்கும் கார். நீளம் ஒன்றரை அடிகூட இருக்காது. ஆனால் பெரிய பந்தயக் காரில் இருப்பதெல்லாம் அதிலும் உண்டு. கழற்றிச் சரிபார்க்கலாம். கழற்றியதை மாட்டத் தெரியாமலும் போகலாம்.

ஜாலான் புசார் மாடிப்படி

பல வருடங்களுக்கு முன்னால், தண்ணீர்ப் பம்பு ஒன்று வாங்க அத்தான் என்னை ஜாலான் புசாருக்குக் கூட்டிக்கொண்டு போனார். தூக்க ஆள் வேண்டுமல்லவா? இரும்புச் சாமான் கடைக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய மாடிப்படி. மேலே ரிமோட் கார்க் கடை. சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று ஏறினோம். இரண்டு மணி நேரம் கழித்து இறங்கியபோது பம்பை வாங்க மறந்திருந்தோம். அத்தானின் கையில் ஒரு கார்ப் பெட்டி இருந்தது.

கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, ஒரு ஷாக்கை எடுத்துக் காட்டினார். லிஃப்ட் குழியின் அடியிலும் இதே வேலையைச் செய்யும் பெரிய சாதனம் இருக்கிறதாம்.

"ஸ்பிரிங் காரைத் தாங்கும். ஆனா அதுக்கு நிறுத்தத் தெரியாது. அமுக்கினா எழும்பும், எழும்பினா திரும்ப இறங்கும். ஆடிக்கிட்டே கெடக்கும். அதை அடக்கத்தான் ஸ்பிரிங்குக்குள்ள இந்தக் குழாய். குழாய்க்குள்ள எண்ணெய். நடுவுல ஒரு சின்னத் தட்டு, தட்டுல பொடிப்பொடியா ஓட்டை. சக்கரம் மேல எழும்பினா தட்டு நகரணும். தட்டு நகரணும்னா எண்ணெய் அந்த ஓட்டை வழியாத்தான் அந்தப் பக்கம் போகணும். சட்டுன்னு போக முடியுமா? முடியாது. அதனால ஆட்டம் அடங்கிடும்."

"அப்ப எல்லாம் அந்த எண்ணெயிலதான் இருக்கா?"

"எண்ணெயும் ஓட்டையும். எண்ணெய்க்கு நம்பர் இருக்கு, அம்பது அம்பதா. நம்பர் ஏறினா கெட்டி, இறங்கினா தண்ணி மாதிரி."

எனக்குப் புரிந்தது. புரிந்ததாக நினைத்தேன்.

அன்றிலிருந்து வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் ஓட்டுவேன், அவர் சரிசெய்வார். "எனக்கு ஓட்டுறதுல இஷ்டம் இல்லடா. நீ ஓட்டு, நான் பாக்குறேன்" என்பார். பந்தயம் முடிந்ததும் ஷாக்குகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவார். அடுத்த பந்தயத்துக்கு முன் அவை வெள்ளைத் துணியில் சுற்றி என்னிடம் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஒட்டுத்தாள், அதில் பொடி எழுத்தில் முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. நான் மாட்டி ஓட்டுவேன். கார் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடும். அதில் எனக்குப் பெயரும் கிடைத்தது.

இரண்டு பெட்டிகள்

பிறகு ஒருநாள் மாலை அக்கா இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றாள்.

"கொஞ்ச நாள் இருக்கலாமா?" என்று ரேவதியிடம்தான் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

கார்ச் சாமான்களை அடைத்துவைத்திருந்த உள்ளறையைக் காலி செய்து கொடுத்தோம். சாமான்களெல்லாம் சமையலறைக்கு வந்தன. ஒரு வாரம் கழித்து அக்கா, வக்கீலைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். இருபது வருடத்துக்கு மேற்பட்ட குடும்பம். அதில் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை.

"அவரைப் பத்தி என்கிட்ட கேட்காத. அவர்கிட்டயும் போய்க் கேட்காத" என்றாள். அவ்வளவுதான்.

நீதிமன்றத்தில் கேள்வி கேட்டால் ஏதாவது ஒரு பதில் வரும். பொய்யாவது வரும். வீட்டில் கேள்வியே கேட்க முடியவில்லை. நானாக யோசித்துப் பார்த்தேன். அத்தான் குடிக்க மாட்டார். சூதாட மாட்டார். வேறு பெண்ணா? ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னோடு மண்ணில் நிற்கிற மனிதருக்கு அதற்கு நேரம் ஏது? யோசிக்க யோசிக்க, அக்காவையும் எனக்குத் தெரியாது, அத்தானையும் தெரியாது என்றுதான் தோன்றியது.

இந்தச் சமயத்தில் டிராக்கை நடத்தும் ஹாஷிமிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. வருடாந்திரப் பந்தயத்துக்கு "நீயும் உன் பிரதர்-இன்-லாவும் கன்ஃபார்மா?" என்று கேட்டிருந்தார். பேருந்தில் நின்றுகொண்டே "கன்ஃபார்ம்" என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் என்ன அனுப்பினேன் என்று உறைத்தது.

ஆளுக்கொரு வைத்தியம்

முதன்முறையாக நானே ஷாக்குகளுக்கு எண்ணெய் ஊற்றி மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போனேன்.

அந்த டிராக்கில் அடுத்தடுத்து மூன்று மேடுகள் உண்டு. முன்பெல்லாம் என் கார் அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். அன்று முதல் மேட்டிலேயே தவளை மாதிரி எகிறி, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. எடுத்து வைத்தேன். மறுபடியும் விழுந்தது.

"ஆயில் ரொம்ப திக் லா, ப்ரோ. சக்கரம் மேட்டோட போக மாட்டேங்குது. அதான் தூக்கி அடிக்குது" என்றார் ஹாஷிம், ஆங்கிலத்தில்.

பக்கத்து மேசையிலிருந்த சீனப் பெரியவர் தலையை ஆட்டினார். "நோ, நோ. டூ தின். ஆயில் பிடிக்கல. ஸ்பிரிங் தன் இஷ்டத்துக்கு ஆடுது."

கெட்டியாக்கினேன், துள்ளியது. நீர்க்கவைத்தேன், அதற்கும் துள்ளியது. ஆனால் வேறு மாதிரி துள்ளியது. இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் இன்னொரு மாதிரி. நோய் என்னவென்று தெரியாமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை முடிவெட்டு

வேறு வழியில்லாமல் அத்தானுக்குப் போன் செய்தேன். சிராங்கூன் ரோட்டுக்கு உள்ளடங்கிய சந்தில் ஒரு தேநீர்க் கடைக்கு வரச் சொன்னார். வீட்டில் முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அத்தான் இளைத்திருந்தார். சட்டை நன்றாகத் தேய்த்திருந்தது. மல்லிகைப்பூக் கடையின் வாசமும் பக்கத்தில் பரோட்டா தட்டும் சத்தமும் சேர்ந்து வந்தன.

"வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்றார்.

"எல்லாரும் நல்லாருக்காங்க."

அந்த 'எல்லாரும்' யாரென்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பையிலிருந்து ஒரு ஷாக்கை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில், மடிமேல் வைத்திருந்தார்.

"என் காதுகிட்ட கொண்டுவந்து மெதுவா அமுக்கு."

அமுக்கினேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ச்சிக்னு ஒரு சத்தம் வருதா? காத்து இருக்கு. எண்ணெய் சுருங்காது, காத்து சுருங்கும். முதல்ல கொஞ்ச தூரம் நீ காத்தைத்தான் அமுக்குற. எண்ணெய் வேலையே ஆரம்பிக்கல. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு அளவு காத்து இருந்தா நாலு சக்கரமும் நாலு விதமா ஆடும்."

"எப்படி வெளியேத்துறது? ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன் அத்தான். எண்ணெயும் கொண்டாந்திருக்கேன்."

"நீயே செய்."

குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்தது. எங்கள் குடும்பத்தின்மேல் இருக்கும் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். பேச்சை மாற்ற வேண்டுமே என்று, "ஞாயித்துக்கிழமை ரேஸ். வந்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றேன்.

"பாக்கலாம்."

வாங்கி வைத்த தேநீரை அவர் கடைசிவரை குடிக்கவே இல்லை. மேலே ஆடை கட்டிவிட்டது. எனக்கு அதுவும் கோபமாகவே பட்டது.

வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"முடி வெட்டப் போனியாமே?"

"கூட்டமா இருந்துச்சுக்கா. வந்துட்டேன்."

"செவ்வாக்கிழமை எவன்டா முடி வெட்ட வர்றான், கூட்டம் சேர்றதுக்கு?"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. சமையலறையில் ரேவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது.

அக்கா கை கழுவினாள்

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மறுநாள் பந்தயம். அத்தான் சொன்ன காற்றை வெளியேற்றப் பார்த்தேன். மூடியை இறுக்கும்போதெல்லாம் எண்ணெய் பீறிட்டு வந்தது. மேசை, நாற்காலி, என் காதுமடல் எல்லாம் எண்ணெய். மூன்று கசிந்தன என்றேனே, நான்காவது கசியாததற்குக் காரணம் அதில் எண்ணெய் ஊற்ற மறந்ததுதான்.

அறைக்குள் போன அக்கா ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். இந்த முறை கூந்தலை இறுக்கிக் கட்டியிருந்தாள். கழுவுதொட்டியில் சோப்புப் போட்டு முழங்கைவரை கை கழுவினாள்.

"எந்திரி. அந்த நாற்காலியத் தொடை. சுத்தமான துணி குடு."

உட்கார்ந்தாள். நான்கையும் பிரித்துத் துடைத்து, ஒன்றை நிமிர்த்திப் பிடித்துத் தட்டைக் கீழே இறக்கி, எண்ணெயை ஓரமாக வழியவிட்டு விளிம்புவரை நிரப்பினாள். தட்டோடு இணைந்த தண்டை மிக மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினாள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் குமிழிகள் ஏறி வந்தன.

"குலுக்காத. குலுக்கினா நுரைச்சுப் போயிடும். இப்ப இதை அப்படியே வெச்சிட்டு அடுத்ததை எடு. காத்து தானா மேல வரட்டும்."

பிறகு சிறிய ரப்பர் சவ்வைக் குழாய் வாயில் ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தாள். மிகையான எண்ணெய் மட்டும் வழிந்தது. மூடியை இரண்டு விரலால் திருகினாள். ஒரு சொட்டுகூடப் பீறிடவில்லை. கடைசியில் முன்சக்கரத்து ஷாக் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தண்டுகளை உள்ளே அமுக்கிவிட்டாள். இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே அளவு வெளியே வந்தன.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"உனக்கு எப்படிக்கா இதெல்லாம்..."

"இத்தனை வருஷமா யாரு செஞ்சு குடுத்தான்னு நெனச்ச?"

அக்கா துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"அவருக்குக் கை நடுங்கும்டா. ரொம்ப நாளாவே. முதல்ல லேசா இருந்துச்சு, அப்புறம் ஸ்குரூகூடப் பிடிக்க முடியல. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு. அவர் சொல்லுவாரு, நான் செய்வேன். லேப்ல குமிழி வராம எடுக்குறதுதானே என் பொழப்பு."

ஒட்டுத்தாளின் பொடி எழுத்து, ஓட்டுவதில் இஷ்டமில்லை என்ற பேச்சு, ஆடை கட்டிய தேநீர், மடிமேல் இருந்த கைகள்... எல்லாம் ஒரே நேரத்தில் வந்து என்மேல் விழுந்தன. கோபம் என்று நான் எடுத்துக்கொண்டது எதுவும் கோபம் இல்லை. நடுங்கும் கையை என் முன்னால் எடுக்க அவர் கூச்சப்பட்டிருக்கிறார்.

"அதனாலதான் நீ..."

முடிக்கக்கூட இல்லை. அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"கை நடுங்குதுன்னு புருஷனை விட்டுட்டு வந்தவன்னு நெனச்சியா என்னை?"

"இல்லக்கா, நான்..."

"வாய மூடு."

மூடினேன். அவள் எண்ணெய்ப் பாட்டில்களின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகினாள். பிறகு அவளே சாதாரணமாகச் சொன்னாள்: "ஏர்கான்ல உக்காந்து சரிபார்க்காத. டிராக்ல வெயில்ல எண்ணெய் இளகிடும். அதான் எல்லாத்துக்கும் ஒரு நம்பர் ஏத்தி ஊத்தியிருக்கேன். நாளைக்கு நானும் வர்றேன். கழண்டு விழுந்தா உனக்கு மாட்டத் தெரியாது."

இத்தனை வருடத்தில் அவள் டிராக்குக்கு வந்ததே இல்லை. நான் அத்தானையும் அழைத்திருந்தேன். அவர் வருகிறார் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

"ரெண்டு பேர்கிட்டயும் சொல்லித் தொலைங்க. கோர்ட்ல மட்டும்தான் பேச்சு வருமா உங்களுக்கு?" என்றாள் ரேவதி.

யாரிடமும் சொல்லவில்லை.

நடுவில் நான்

ஞாயிறன்று வெயில் இல்லை. விடியலில் பெய்த மழையில் மண் கருத்து, வானம் மூடிக் கிடந்தது. அக்கா என் மேசையில் கருவிகளை வரிசையாக அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் அத்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் காரைப் பார்த்தேன்.

யாரும் எதுவும் பேசுவதற்குள் பயிற்சிச் சுற்றுக்கு அழைத்துவிட்டார்கள். அதற்காக ஹாஷிமுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கார் முதல் மேட்டை அழகாகத் தாண்டியது. இரண்டாவதையும் தாண்டியது. மூன்றாவதில் பின்பக்கம் எகிறிக் குட்டிக்கரணம் அடித்தது. அடுத்த சுற்றிலும் அதே மூன்றாவது மேடு. எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தேன். அத்தான் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து, மேசையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார்.

"காத்து இல்ல. நல்லா செஞ்சிருக்கு" என்று என்னிடம் சொன்னார். "ஆனா பின்னாடி எண்ணெய் இன்னிக்கிக் கெட்டி. முதல் மேட்டுல அமுங்கின சக்கரம் மெதுவாத்தான் திரும்ப இறங்குது. அது முழுசா இறங்குறதுக்குள்ள அடுத்த மேடு வந்துடுது. மூணாவதுக்கு வரும்போது அமுங்குறதுக்கு எடமே மிச்சம் இல்ல. தூக்கி அடிக்குது."

அக்கா என்னிடம், "வெயில் அடிக்கும்னு நெனச்சு ஒரு நம்பர் ஏத்தினேன். எவ்ளோ இறக்கணும்னு கேளு" என்றாள்.

நான் இரண்டடி திரும்பினேன். "எவ்ளோ இறக்கணும் அத்தான்?"

"அம்பது. பின்னாடி மட்டும்."

நான் இந்தப் பக்கம் திரும்பினேன். "அம்பதாம். பின்னாடி மட்டுமாம்."

"காதுல விழுந்துச்சு" என்றாள் அக்கா.

என் வேலையே ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு மாற்றிச் சொல்வதுதான். இரண்டு பேரும் தமிழிலேயே பேசி, நானும் தமிழிலேயே திருப்பிச் சொன்னது அன்று ஒருநாள்தான்.

அக்கா பின் ஷாக்குகளைக் கழற்றினாள். கழற்றிய பொடிக் கிளிப்புகளை ஒரு சிறு தகரத் தட்டில் போட்டாள். இறுதிப் பந்தயத்துக்கு இன்னும் கால் மணி நேரம்கூட இல்லை. உதவ நினைத்த அத்தான் பழக்கத்தில் தட்டை எடுத்துவிட்டார்.

தட்டு நடுங்கியது. கிளிப்புகள் கிணிகிணியென்று அடித்துக்கொண்டன. பக்கத்து மேசைப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். அத்தானின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"வெச்சிடுங்க" என்றாள் அக்கா, நேராக அவரிடம். "நான் பாத்துக்குறேன்."

அவர் வைத்தார். அக்காவின் குரலில் இருந்தது பரிவா, இருபது வருடப் பழக்கமா, அல்லது கிளிப் மண்ணில் விழுந்துவிடக் கூடாது என்ற கவலை மட்டுமா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

இறுதிப் பந்தயத்தில் கார் ஓடியதே, அதைச் சொல்லியாக வேண்டும். மூன்று மேடுகளும் இல்லாததுபோல் போனது. சக்கரங்கள் மட்டும் படபடவென்று ஏறி இறங்க, உடல் ஆடாமல் மிதந்தது. மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டேன். கடைசிச் சுற்றில், ஓட்டுநர் மேடையிலிருந்து ஒரு கணம் கீழே பார்த்தேன். அக்கா அத்தானிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என்ன சொல்கிறாள் என்று பார்த்துக்கொண்டே வளைவோரத் தடுப்புக் குழாயில் காரை மோதினேன். நிமிர்த்திவிடுவதற்குள் இரண்டு பேர் தாண்டிவிட்டார்கள். ஐந்தாம் இடம்.

"எங்கடா பாத்துக்கிட்டு ஓட்டின?" என்றார் அத்தான்.

"அதானே" என்றாள் அக்கா.

நான் காரை எடுத்து மண்ணைத் தட்டினேன்.

பேருந்தில்

சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ரேவதிக்குக் குறுஞ்செய்திகூட எழுதிவைத்தேன், அனுப்பவில்லை. அத்தான் சிராங்கூன் பக்கம் போகும் பேருந்தில் ஏறிவிட்டார். நாங்கள் எங்கள் பேருந்தில் ஏறினோம்.

மடியில் கார்ப் பெட்டியை வைத்துக்கொண்டு சொன்னேன்: "அக்கா, அன்னிக்கி நான் முடி வெட்டப் போகல. அவரைப் பாக்கப் போனேன். நீ வேணாம்னு சொல்லியும்..."

"கேட்காதன்னுதான் சொன்னேன். பாக்காதன்னா சொன்னேன்?" ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினாள். "நான்தான்டா அவரை விட்டுட்டு வந்தேன். நீ எதுக்கு விடணும்?"

பெட்டியின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு செய். அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. இத்தனை வருஷமா நான் கெஞ்சியாச்சு. போனா ஏதாவது பேர் வெச்சிடுவாங்கன்னு பயம். இன்னிக்கும் சொன்னேன். தலையத் தலைய ஆட்டினாரு. அவர் ஆட்டுவாரு, போக மாட்டாரு. நீ கூப்பிட்டா வருவாரு."

"இதுதானா காரணம்?"

"இது இல்ல."

"அப்ப எது?"

அக்கா முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"எனக்கே ஒரு வரியில சொல்லத் தெரியல. தெரிஞ்சா சொல்றேன்" என்றாள்.

அவள் இன்னும் சொல்லவில்லை. ஒளிக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவளுக்கும் சரியாகத் தெரியாமல் இருக்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

கவுண்டரில்

டாக்டர் சொன்னதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பதறிக்கொண்டு படிக்க வேண்டாம். அத்தான் பயந்த நோய் இல்லை. பலருக்கும் வருகிற நடுக்கம்தான். அவரை ஒரு தாளில் சுருள் வரையச் சொல்லிப் பார்த்தார்கள், நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள், ஒரு மாத்திரை கொடுத்தார்கள். முழுதாகப் போகவில்லை, ஆனால் தேநீரை ஒரு கையால் குடிக்கிறார். அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "சரி" என்று ஒரு சொல் வந்தது. அரை மணி நேரம் கழித்து, "மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று வந்தது.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், மருத்துவமனைக் கவுண்டரில் நடந்தது. அதற்குள் விவாகரத்து முடிந்து பத்திரங்களும் வந்துவிட்டிருந்தன.

கவுண்டரிலிருந்த சீனப் பெண் கணினியில் இருந்த பழைய பதிவைப் பார்த்தபடி கேட்டாள்: "அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள், வசந்தி, வைஃப். ஸ்டில் சேம், ஆ?"

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சேஞ்ச்" என்றார்.

அவள் ஒரு தாளை நீட்டினாள். எழுத அவர் கை ஒத்துழைக்காது என்பதால் நான் வாங்கிக்கொண்டேன். பெயர் என்ற இடத்தில் என் பெயர். தொலைபேசி எண். அடுத்த கட்டத்தில் உறவு.

பேனா நின்றுவிட்டது. நாளெல்லாம் இரண்டு மொழிகளில் சொல் தேடுவதே தொழிலாக இருப்பவன் நான். ஒரு மொழியிலும் சொல் வரவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"என்னடா யோசனை?" என்று அத்தான் எட்டிப் பார்த்தார். கட்டத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"இன்-லா போயிடுச்சு" என்றார் மெல்ல. "பிரதர் மிச்சம் இருக்குல்ல, அதைப் போடு."

போட்டேன். அந்தப் பெண் தாளை வாங்கி, எங்கள் இருவரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தாள். நம்பர் கூப்பிடும்வரை உட்காரச் சொன்னாள்.

போய் உட்கார்ந்தோம்.